மறைந்திருப்பதாக நம்பும் மனமும் அது விட்டுச்செல்லும் தடயமும்

கொடைக்கானலில் உளவியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டுக்காக இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். டார்க் வெப்பைப் பயன்படுத்துவோருக்கென்று தனியான மனப்போக்கு உண்டா என்பது முதற்கேள்வி. பெயர், முகம், இருப்பிடம் மூன்றும் மறைக்கப்பட்ட அந்த இடத்தில் குற்றம் செய்தவரைக் கணினித் தடயவியல் எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பது இரண்டாவது. மின்னணுச் சான்றுகளை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது பண்ணைக்காட்டுப் பக்கம் காபிச் செடிகளோடு பொழுதைக் கழிக்கும் எனக்கு, இவை இரண்டும் ஒரே கேள்வியாகவே தெரிகின்றன. பெரிய வழக்குகளில் பலவற்றை எடுத்துப் பார்த்தால், மறைத்துக்காட்டும் தொழில்நுட்பத்தை உடைத்து ஆளைப் பிடித்ததைவிட, அந்த ஆளின் பழக்கமும் பெருமையும் சோம்பலும் அவரைக் காட்டிக்கொடுத்ததே அதிகம் என்பது புரியும்.

முதலில் அந்த இடம் எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண உலாவிக்கு எட்டாமல், டார் போன்ற மறைப்பு வலையமைப்பு வழியாக மட்டும் போய்ச்சேரக்கூடிய தளங்களைத்தான் டார்க் வெப் என்கிறோம். டார் என்னும் வலையமைப்புக்கு அடிப்படையான வெங்காயத்தோல் முறையை 1990களின் நடுவில் உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம். நாம் அனுப்பும் செய்தி மூன்று உறைகளுக்குள் வைக்கப்பட்டு, உலகின் வெவ்வேறு மூலைகளில் உள்ள மூன்று கணினிகள் வழியாகச் செல்லும். ஒவ்வொரு கணினியும் ஓர் உறையை மட்டும் பிரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவர் யாரென்று தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இந்த ஏற்பாட்டைக் கடற்படை தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், அதில் தென்படுகிறவர் எல்லாருமே கடற்படையினர் என்று எதிரிக்குத் தெரிந்துபோகும். ஆகவே அது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டியதாயிற்று. மறைவதற்குக் கூட்டம் வேண்டும் என்ற இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பலவும் எளிதில் விளங்கும்.

அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் யார்? டார் பயன்படுத்துபவர் என்றாலே போதைப்பொருள் வாங்குபவர், ஆயுதம் தேடுபவர் என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. 2020இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு கணிப்பின்படி, ஒரு சராசரி நாளில் டார் பயனர்களில் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டினரே குற்றச்செயலுக்குப் பெரிதும் பயன்படும் மறைவுத் தளங்களை நாடுகின்றனர். எஞ்சியோர் நாம் அனைவரும் பார்க்கும் சாதாரணத் தளங்களையே தம் அடையாளத்தைக் காட்டாமல் பார்க்கின்றனர். ஃபேஸ்புக் 2014இலும் பிபிசி 2019இலும் டாருக்கென்றே தனி முகவரிகளைத் தொடங்கின. இந்தியாவில் டார் உலாவியைப் பயன்படுத்துவது மட்டுமே குற்றமாகாது.

மலையூரில் வாழ்பவர்களுக்கு இந்தத் தேவை புரியாததன்று. இங்கே மருந்துக்கடைக்காரருக்கு நம் தகப்பனாரைத் தெரியும். பேருந்து நடத்துநருக்கு நாம் எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். தேநீர்க்கடையில் யாருடன் நின்றோம் என்ற செய்தி நாம் வீடு திரும்புவதற்குள் வீட்டை எட்டிவிடும். தன் உடலைப் பற்றியோ மனநோயைப் பற்றியோ ஒரு சந்தேகத்தைக் கேட்க இருபது வயதுப் பிள்ளைக்கு இங்கே ஒரு மறைவிடம் கிடையாது. ஆகவே பெயரற்றிருக்கும் ஆசையைக் குற்ற மனத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு உங்கள் ஆய்வைத் தொடங்காதீர்கள். பெயரற்றிருக்கும்போது ஒருவர் தம்மிடமே என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதிலிருந்துதான் உளவியல் தொடங்குகிறது.

ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் இணையத்தில் மனத்தடை தளர்வதைப் பற்றி எழுதிய கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். தன்னை யாரும் காணவில்லை, தன் பெயர் தெரியாது, எதிரிலிருப்பவரின் முகம் சுருங்குவதைத் தான் பார்க்க வேண்டியதில்லை, இது ஏதோ விளையாட்டு உலகம் என்பன போன்ற உணர்வுகள் ஒன்றுசேரும்போது, நேரில் செய்யத் துணியாததை ஒருவர் திரைக்கு முன்னால் செய்துவிடுகிறார். ஆனால் அதனால் அன்பும் வெளிப்படலாம், வன்மமும் வெளிப்படலாம் என்று அவரே சொல்கிறார். எனவே இது மட்டும் போதாது. இதனோடு கிரெஷாம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் 1957இல் இளங்குற்றவாளிகளைப் பற்றி எழுதியதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவறு என்று தெரிந்தே செய்கிறவர், செய்வதற்கு முன்பே தனக்கொரு சமாதானத்தைத் தயாரித்துக்கொள்கிறார் என்பது அவர்கள் கண்டது: யாருக்கும் கெடுதல் இல்லை, என்னைக் குறைசொல்பவர்கள் மட்டும் யோக்கியமா, நான் பெரிய கொள்கைக்காகச் செய்கிறேன். நான் ஆராய்ந்த உரையாடல் பதிவுகளில் இந்த மூன்றும் ஓயாமல் வரும்.

டார்க் வெப் சந்தை இந்தச் சமாதானத்தைக் கடையின் அமைப்பிலேயே கட்டிவைத்துவிடுகிறது என்பதுதான் புதிது. அங்கே விற்பவருக்கு நட்சத்திர மதிப்பெண் உண்டு, வாங்கியவர் கருத்து உண்டு, சரக்கு வந்து சேரும்வரை பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு, சச்சரவு வந்தால் தீர்த்துவைக்க ஆள் உண்டு. செருப்பு வாங்குவதற்கும் போதை மாத்திரை வாங்குவதற்கும் இடையே கை பழகிய அசைவுகளில் வேறுபாடே இல்லை. அதனால் வாங்குகிறவர் தம்மை ஒரு வாடிக்கையாளராகத்தான் காண்கிறார். இதே பழநிமலைத் தொடரில் போதைக் காளான் தேடி வரும் பயணி ஒரு பாதையோரத்தில் யாரோ ஒருவரிடம் தணிந்த குரலில் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தணிந்த குரலில் இருக்கும் அச்சமே ஒரு தடை. அந்தக் காளானில் உள்ள சைலோசிபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது என்பது அவருக்கு அப்போது நினைவில் இருக்கும். திரையில் விரலால் தட்டும்போது அந்தக் குரல் தேவைப்படுவதில்லை.

காளானைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டார்க் வெப் சந்தைகளுக்கெல்லாம் முன்னோடியான சில்க் ரோடு 2011 தொடக்கத்தில் திறக்கப்பட்டபோது அதில் விற்பனைக்கு வைக்கப்பட்ட முதற்சரக்கு, அதைத் தொடங்கிய ராஸ் உல்பிரிக்ட் தாமே ரகசியமாக வளர்த்த போதைக் காளான்தான். கடையைத் திறந்தால் ஆள் வர வேண்டுமே. எனவே காளான் ஆர்வலர்கள் கூடும் ஒரு பொது இணையதளத்தில் ‘ஆல்டாய்ட்’ என்ற புனைபெயரில், இப்படியொரு சந்தையைப் பார்த்தேன், யாருக்காவது தெரியுமா என்பதுபோல் ஒரு குறிப்பை எழுதினார். சில மாதங்கள் கழித்து அதே புனைபெயரில் வேறோர் இடத்தில் கணினி வல்லுநர் தேவை என்று எழுதி, தொடர்புக்குத் தம் சொந்தப் பெயர் அடங்கிய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்தார். அமெரிக்க வருமானவரித் துறையின் கேரி ஆல்ஃபர்ட் என்ற அதிகாரி இவை இரண்டையும் கண்டுபிடிக்கக் கையாண்டது கூகுள் தேடல். சில்க் ரோடு என்ற பெயர் இணையத்தில் முதன்முதலில் எங்கே தோன்றியது என்று தேதி வாரியாகப் பின்னோக்கித் தேடினார், அவ்வளவுதான். பிற்காலத்தில் எத்தனை கவனமாக இருந்தாலும், எதுவும் பெரிதாகாத அந்தத் தொடக்க நாள்களில் செய்த அலட்சியத்தைத் திரும்பப் பெற முடியாது.

அவருடைய கணினியில் கிடைத்தவற்றைத்தான் உளவியல் மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டும். தம் கூட்டாளிகளுடன் நடத்திய உரையாடல்களைச் சேமித்து வைத்திருந்தார், நாட்குறிப்பும் எழுதியிருந்தார். ஒரு பெண்ணிடம் தமக்கு ரகசியங்கள் உண்டென்று வாய்தவறிச் சொல்லிவிட்டதற்காகத் தம்மையே திட்டிக்கொண்டதும் அதில் இருக்கிறது. இத்தனை பெரிய ஒன்றை உருவாக்கிவிட்டு அதை ஒருவரிடமும் சொல்ல முடியாத தனிமையை மனிதர்களால் நெடுநாள் தாங்க முடிவதில்லை. வாய் சொல்லாததைக் கை எழுதிவிடுகிறது. 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஒரு கிளை நூலகத்தில் அவர் அமர்ந்திருந்தபோது, பின்னால் இருவர் சண்டையிடுவதுபோல் நடித்தனர்; அவர் திரும்பிப் பார்த்த நொடியில் மடிக்கணினியைத் திறந்த நிலையிலேயே பறித்துக்கொண்டனர். நிர்வாகியின் பக்கம் திரையில் அப்படியே இருந்தது. மூடியிருந்தால், சாவியில்லாமல் எவரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் மறையாக்கம் பூட்டிக்கொண்டிருக்கும். 2015இல் ஆயுள் தண்டனை பெற்ற அவருக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் மன்னிப்புக் கிடைத்தது. அந்த வழக்கை விசாரித்த அதிகாரிகளில் இருவர் பிட்காயினைத் திருடி, அவர்களும் சிறை சென்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற மயக்கம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று.

கூட்டத்தின் மனத்தைக் காட்டும் நிகழ்ச்சி 2017இல் நடந்தது. ஆல்ஃபாபே என்ற பெரிய சந்தையை நடத்தியவர், புதிய உறுப்பினர்களுக்கு அனுப்பிய வரவேற்பு மின்னஞ்சலின் தலைப்பகுதியில் தம் பழைய ஹாட்மெயில் முகவரியை விட்டுவைத்திருந்ததால் அடையாளம் காணப்பட்டு, ஜூலை 5 அன்று பாங்காக்கில் பிடிபட்டார். சந்தை திடீரென்று மூடியதும் அங்கிருந்த வணிகர்களும் வாடிக்கையாளர்களும் ஹான்சா என்ற அடுத்த சந்தைக்கு வெள்ளமாகப் பாய்ந்தனர். அந்த ஹான்சாவை இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே ரகசியமாக நடத்திக்கொண்டிருந்தது நெதர்லாந்துக் காவல்துறை! கடவுச்சொற்களைப் பதிவு செய்ததோடு, விற்பவர்கள் ஏற்றும் படங்களிலிருந்து இடக்குறிப்பைத் தானாக நீக்கும் வசதியையும் அவர்கள் நிறுத்தியிருந்தனர். வழக்கமாக எல்லாவற்றையும் சந்தேகிப்பவர்கள், பயந்தபோது, எல்லாரும் போகிற கதவு என்பதற்காகவே அந்தக் கதவை நம்பினார்கள்.

பிட்காயினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெயரில்லாத பணம் என்று நினைத்துப் பலர் ஏமாந்தார்கள். உண்மையில் அது உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய, எவராலும் அழிக்க முடியாத கணக்குப் பேரேடு. 2012இல் சில்க் ரோட்டிலிருந்து திருடப்பட்ட 50,676 பிட்காயின்களை, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2021 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் ஒருவரின் வீட்டில் கைப்பற்றினர். அவற்றின் சாவிகளில் சில, குளியலறை அலமாரியில் இருந்த பாப்கார்ன் டப்பாவுக்குள் கிடந்த ஒரு சிறு கணினியில் இருந்தன. பரிமாற்றத்தை மறைப்பதற்கென்றே அமைந்த மொனெரோ போன்ற மின்நாணயங்களில் தடம் பிடிப்பது கடினம்தான். ஆனால் அதை ரூபாயாக மாற்றும் இடத்தில் வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் வந்தே தீரும்.

இனி இரண்டாம் கேள்வி, நம் மலைக்கே வருவோம். மின்னணுச் சான்றைக் கைப்பற்றுவதில் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ரேம் நினைவகத்தில் மறையாக்கத்தின் சாவி, திறந்திருக்கும் உரையாடல், இணைப்பில் உள்ள முகவரிகள் எல்லாம் இருக்கும். மின்சாரம் நின்றால் அவை போய்விடும். ஒருமுறை ஒரு சார்பு ஆய்வாளர், மிகவும் பொறுப்பானவர், மடிக்கணினி ஒன்றைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, “ஒழுங்கா ஷட்டவுன் பண்ணித்தான் சார் எடுத்துட்டு வந்தோம்” என்றார். வன்தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்தக் கணினி இறுதிவரை எங்களுக்குத் திறக்கவேயில்லை. அவர்மீது தவறில்லை, வேறு விதமாகச் செய்ய அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, ஊரே இருட்டில் கிடக்கையில், பழைய மின்கலத்துடன் ஓடும் கணினியை நகலெடுத்து முடிக்கும்வரை அணையாமல் காப்பது தனித்திறமை.

கைப்பேசியின் கதை வேறு. தொலைவிலிருந்து யாரும் அழித்துவிடாதபடி அதை அலைவரிசை புகாத பையில் போடுகிறோம். பைக்குள் கிடக்கும் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடித் தன் மின்கலத்தைத் தானே தின்றுவிடும். வத்தலக்குண்டுக்கு இறங்கும் வளைவுகளைத் தாண்டி மதுரை சேர்வதற்குள் அணைந்துபோனால், ஒருமுறை திறக்கப்பட்ட நிலையில் இருந்த கைப்பேசி மீண்டும் முழுப்பூட்டுக்குள் போய்விடுகிறது. எனவே பைக்குள்ளேயே மின்னூட்டும் கருவியை வைத்து அனுப்ப வேண்டும். 2024இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, மூன்று நாள்கள் திறக்கப்படாத ஐபோன் தானாகவே மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. ஆய்வகத்தில் வரிசையில் காத்திருந்தாலே சான்று கைநழுவும் நிலை இது. இன்னொன்று, பூம்பாறைக் குளிரில் எடுத்த வன்தட்டைச் சமவெளி வெப்பத்தில் உறையைப் பிரித்து உடனே இயக்கினால் ஈரம் படியும். அது அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். பாடநூலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஆய்வகத்தில் மூலத்தை யாரும் தொடுவதில்லை. எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக வன்தட்டைத் துளித்துளியாக நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஓர் எண்ணை, கணக்கிடுகிறோம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு முழுவதுமாக மாறிவிடும். டார் உலாவி தன்னளவில் மிகக் குறைவான தடயத்தையே விடுகிறது. ஆனால் அது ஓடும் விண்டோஸ் அப்படி அன்று. எந்தச் செயலி எப்போது எத்தனை முறை இயங்கியது என்ற குறிப்பு, இணைக்கப்பட்ட பென் டிரைவின் வரலாறு, நினைவகம் நிரம்பியபோது வட்டில் கொட்டிவைத்த மிச்சங்கள், எல்லாம் அங்கே இருக்கும். இவற்றைத் தவிர்க்க டெய்ல்ஸ் போன்ற, அணைத்ததும் எல்லாவற்றையும் மறக்கும் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுபவர்கள் உண்டு. 2025இல் கேரளத்தின் மூவாற்றுப்புழையில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் பிடித்த டார்க் வெப் விற்பனையாளரிடம் டார்க் வெப்பில் நுழைவதற்கான இயங்குதளம் அடங்கிய பென் டிரைவ் கைப்பற்றப்பட்டது. கணினி மறந்தாலும், சரக்கு அஞ்சலில்தான் போக வேண்டும். உறைக்குப் பசையும் கைரேகையும் அனுப்பிய நிலையத்தின் முத்திரையும் உண்டு.

கூட்டமில்லாத இடத்தில் மறைய முடியாது என்றேனே, அதற்கு 2013 டிசம்பரில் நடந்த ஹார்வர்டு நிகழ்ச்சி நல்ல சான்று. தேர்வுக்குப் பயந்த மாணவர் ஒருவர் டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அனுப்பியவர் யாரென்பதை டார் சொல்லவில்லை, ஆனால் அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டாரைத் தொட்டவர்களின் பட்டியல் இருந்தது, கேட்டதும் ஒப்புக்கொண்டார். பெருநகரத்தில் ஆயிரத்தில் ஒருவராக இருப்பவர், பெருமாள்மலைப் பக்கத்துத் தங்கும் விடுதியின் வைஃபையில் தனி ஒருவராக நிற்கிறார்.

ஆனால் இதே எளிமை விசாரிப்பவரையும் வழுக்கிவிடும். அப்படியொரு விடுதி தொடர்பான வழக்கில் இணைய நிறுவனம் தந்த பதிவில் 18:10 என்றிருந்ததை நான் மாலை 6:10 என்று எழுதினேன். அந்த நேரத்தில் வீட்டிலிருந்தவர் உரிமையாளரின் மகன் மட்டுமே, அவருக்குக் கணினியில் ஆர்வம் வேறு, எல்லாம் பொருந்தியது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பட்டியலின் தலைப்பில் அது உலகப் பொது நேரம் என்று சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டேன். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 11:40. பையன் அப்போது திண்டுக்கல்லில் ரயிலேறிவிட்டிருந்தான். கையெழுத்திடுவதற்கு முன் கண்டதால் தப்பித்தேன். எல்லாம் பொருந்துகிறது என்ற நிறைவு வந்தவுடன் மேலும் தேடுவதை நிறுத்திவிடும் அந்த மனத்தையும் உங்கள் ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேருங்கள். இணையத்தில் ஓர் இணைப்புக்குத் தரப்படும் எண்ணான ஐபி முகவரி, அந்த இணைப்பை மட்டும் காட்டும். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுவதால், இணைப்பைக் காட்டவே, அந்தப் பலரைப் பிரித்தறிய உதவும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும். விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்த விரல்கள் யாருடையவை என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றுடன் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிடும் சான்றிதழை, கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு வல்லுநரும் தர வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டுமென்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடிந்த காலம் போய்விட்டது.

குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் படங்கள் தொடர்பான வழக்குகளில் “பார்த்தேன், யாருக்கும் அனுப்பவில்லை” என்பதுதான் நான் அதிகம் கேட்ட சமாதானம். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை மாற்றி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அப்படிப்பட்ட படத்தை நீக்காமலோ புகார் செய்யாமலோ வைத்திருப்பதே குற்றமாகலாம். அந்தப் படங்களை ஆராய்கிறவர்கள் ஒலியை நிறுத்தி, வண்ணத்தை நீக்கி, சிறிய அளவில் பார்ப்பார்கள். ஏற்கெனவே அறியப்பட்டவற்றை ஹேஷ் மதிப்பை ஒப்பிட்டே ஒதுக்கிவிடுவார்கள். அப்படியும் தூக்கம் கெடும். எனக்குக் கெட்டது.

ஆகவே ஆய்வுக்காக நீங்களே அந்தச் சந்தைகளுக்குள் போக வேண்டியதில்லை. ஆராய்ச்சி என்ற சொல் உங்கள் கணினியில் வந்து சேர்ந்த படத்துக்குக் காப்பாகாது. சில்க் ரோடு வழக்கில் அரசுத் தரப்பு தாக்கல் செய்த நாட்குறிப்பும் உரையாடல்களும் பொது ஆவணங்களாகவே கிடைக்கின்றன. நாட்குறிப்பில் உல்பிரிக்ட் எந்தெந்த நாளில் ‘நான்’ என்றும் எந்தெந்த நாளில் ‘நாம்’ என்றும் எழுதுகிறார் என்று குறித்துக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள்.